அம்மாவோடு பாங்காக்கில் ஒரு வாரம்

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முட்டைகூடச் சாப்பிட மாட்டாள். மார்கழி முப்பது நாளும் விடியலில் திருவெம்பாவை பாடாமல் காபி குடிக்க மாட்டாள். அப்படிப்பட்டவளை மார்கழி பிறந்த மூன்றாம் நாள் பாங்காக்குக்கு அழைத்துப் போகிறேன் என்றதும் உறவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே அவங்களுக்கு என்ன இருக்கு?"

பட்டாயா, சஃபாரி, மால் என்று போகிற வழக்கமான ஐந்து நாள் டூரில் அவளுக்கு ஒன்றும் இல்லை என்பது உண்மை. அதனால் திட்டத்தை நானே போட்டேன். முழு நாள் கணக்கில் ஐந்து நாள் பாங்காக், அதற்கு நடுவிலேயே ஒரு நாள் அயுத்தயா, அதன்பின் இரண்டு நாள் காஞ்சனபுரி. காஞ்சனபுரியைச் சேர்த்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிளம்பும் முன் செய்யவேண்டியவை. டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி கேட்டு வைத்தேன். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. சுவர்ணபூமி விமான நிலையத்தில் நடை அதிகம். குடியேற்ற வரிசையும் நீளம். அந்த நாற்காலி மட்டும் இல்லையென்றால் அம்மாவின் முதல் நாள் அங்கேயே முடிந்திருக்கும். 2025 மே முதல் தாய்லாந்து போகும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் இலவசமாகவே செய்யலாம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடுமுன் ஒருமுறை தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

பணத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அவசரத்தில் ஏடிஎம்மில் எடுத்தேன். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட் (தாய்லாந்துப் பணம்) அளவுக்கு மேல் கட்டணம் பிடிக்கிறார்கள். ஐநூறு எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் அதே கட்டணம்தான். அது போதாதென்று, "உங்கள் ஊர்ப் பணத்திலேயே கணக்கிடவா?" என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. வசதிதானே என்று ஆம் என்று அழுத்திவிட்டேன். அதில் மாற்று விகிதம் மோசமாக இருந்தது. அந்தக் கேள்விக்கு எப்போதும் இல்லை என்றே அழுத்துங்கள். ரூபாயைவிட டாலராகக் கொண்டுபோய் மாற்றுவது மேல். விமான நிலையத்தில் மாற்றுவதானால் அடித்தளத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைகளில் மாற்றுங்கள். மேல்தள வங்கிக் கவுண்டர்களைவிட அங்கே நல்ல விலை கிடைத்தது. செலவு செய்யும்போது ஒரு பாட் கிட்டத்தட்ட மூன்று ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டோம்.

தங்கியது சிலோம் பகுதியில், சுரசாக் வான்ரயில் நிலையத்துக்கு அருகில். மூத்தவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாங்காக்கில் அறை எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, ரயிலடிக்கு எத்தனை நிமிட நடை என்பதே முக்கியம். சாலை நெரிசலில் மாலை நாலு மணிக்கு டாக்ஸியில் ஏறினால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். மேலே வான்ரயில் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லா வாசலிலும் லிஃப்ட் இல்லை. எந்த எண் வாசலில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். நாங்கள் முதல் நாள் தவறான வாசலில் இறங்கி, அம்மா ஒவ்வொரு படியாக இறங்கி முடிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுரசாக்கைத் தேர்ந்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள். அடுத்த நிலையம் சபான் தக்சின், அங்கே இறங்கினால் படகுத்துறை. இன்னொன்று, பத்து நிமிட நடையில் மாரியம்மன் கோயில்.

சிலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் முனையில் நம் ஊர்க் கோபுரம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில். தாய் மக்கள் இதை 'வாட் கெய்க்' என்கிறார்கள். வாட் என்றால் கோயில், கெய்க் என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வது வழக்கம். அம்மா உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது மாரியம்மனை அல்ல, அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தை. பெரும்பாலும் தாய்க்காரர்கள். அலுவலக உடையில் வந்த ஒரு பெண் தட்டில் தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை வைத்துக்கொண்டு கண்மூடி நின்றாள். "நம்ம அம்மனுக்கு இவ்வளவு பேரா?" என்று அம்மா கேட்டாள். அதன்பின் ஊரைப் பற்றி அவளுக்கு இருந்த பயம் போய்விட்டது. அந்த வாரம் பாங்காக்கில் இருந்த எல்லா நாளும் காலையில் அங்கே போய்வந்தோம்.

சாப்பாடு பற்றிப் பலர் கேட்டார்கள். சைவம் என்றால் இரண்டு சொற்கள் வேண்டும். 'ஜே' என்பது மீன், இறைச்சி, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் சேராத உணவு. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் பலகை இருந்தால் அது ஜே கடை. 'மாங்சவிரத்' என்பது பொதுவான சைவம், அதில் முட்டை வரலாம். சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் போட்ட சோறு என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, அதை அசைவமாக நினைப்பதில்லை. அதனால் 'மாய் சை நாம் ப்லா' என்று சொல்ல வேண்டும், மீன் சாறு போடாதீர்கள் என்று பொருள். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும், மறக்க வேண்டாம். இதையெல்லாம் தாய் எழுத்தில் அட்டையில் எழுதித் தரச் சொல்லி விடுதியில் கேட்டேன். எழுதித் தந்தார்கள். ஏழு நாளும் அந்த அட்டைதான் எங்களுக்குச் சோறு போட்டது. தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் அம்மாவுக்குப் பிடித்துப்போய் இரண்டு நாள் இரவுச் சாப்பாடே அதுதான்.

மூன்றாம் நாள் அரண்மனை. சபான் தக்சின் துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு, ஆளுக்கு 16 பாட். பக்கத்திலேயே சுற்றுலாப் படகுக்கு ஆள் பிடிப்பார்கள், அதற்குக் கட்டணம் அதிகம். இரண்டும் அதே ஆற்றில்தான் போகின்றன. சாவ் ப்ரயா அகலமான ஆறு. டிசம்பரில் காற்று சில்லென்று இருந்தது. ரயிலைவிட அம்மாவுக்குப் படகுதான் பிடித்தது.

தா சாங் துறையில் இறங்கி நடக்கும்போது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்றைக்கு அரண்மனை மதியம்வரை மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, அதுவரை வேறு கோயில்களைப் பார்த்துவரலாம், டுக்டுக் நாற்பது பாட்தான் என்றார். அவ்வளவு பணிவாகச் சொன்னார். இப்படி ஏமாற்றுவார்கள் என்று முன்பே படித்திருந்தும் ஒரு நிமிடம் தயங்கினேன். ஏறியிருந்தால் கடைசியில் ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பார்கள். மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் வாசல்வரை போய்ப் பாருங்கள். நாங்கள் போனோம். திறந்திருந்தது, ஆயிரக்கணக்கில் கூட்டம் வேறு.

நுழைவு வெளிநாட்டவருக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவையில் இருந்த அம்மாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அரைக்கால் சட்டையோடு வந்த பலரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1782இல் முதலாம் ராமா இந்தத் தலைநகரை நிறுவியபோது தொடங்கிய அரண்மனை. அதற்குள் இருக்கும் கோயிலின் சிலைக்கு மரகத புத்தர் என்று பெயர், ஆனால் பச்சை ஜேட் கல். 66 சென்டிமீட்டர்தான் உயரம். வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் மூன்று ஆடை, அரசரே மாற்றுகிறார். அம்மா உள்ளே உட்கார்ந்ததும் வலியில் காலை நீட்டிவிட்டாள். காவலர் ஓடிவந்தார். புத்தரை நோக்கிப் பாதம் நீட்டுவது பெரிய அவமரியாதை. காலைப் பின்னால் மடக்கி உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் உள்ளே உட்காராமல் ஓரமாக நின்று கும்பிட்டு வந்துவிடலாம்.

உண்மையில் அம்மாவின் கால் தாங்காமல்தான் சுற்றுப் பிராகாரத்தின் நிழலில் நெடுநேரம் உட்கார்ந்தோம். அது நல்லதாகப் போயிற்று. அந்தச் சுவர் முழுக்க ராமாயணம், 178 ஓவியங்கள். தாய் வடிவம் ராமகியன். அனுமன் வெள்ளை நிறம். சேது கட்டும் காட்சியில் கடலுக்குள் மீன்வால் பெண். "இது யாருடி, நம்ம கதையில இல்லையே?" என்றாள். சுபன்னமச்சா, ராவணனின் மகள், அனுமன் அவளைக் காதலிக்கிறான் என்று படித்ததைச் சொன்னேன். பிரம்மச்சாரி அனுமனுக்குக் காதலா என்று கோபப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், இவங்க ஊர்லயாவது அவனுக்கு ஒருத்தி இருக்கட்டும்" என்றாள்.

வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தர். பின்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். அந்த டிங் டிங் சத்தம் மண்டபம் முழுக்க மழைபோல் விழுந்துகொண்டே இருக்கிறது. வாட் அருணை எதிர்க்கரையிலிருந்து பார்த்ததோடு சரி, படிகள் செங்குத்து.

மறுநாள் நான் காத்திருந்த இடம், ராட்சத ஊஞ்சலும் அதன் பக்கத்தில் இருக்கும் தேவஸ்தான் என்ற அந்தணர் கோயிலும். நடுத்தெருவில் இரண்டு பெரிய சிவப்புத் தேக்குத் தூண்கள், 20 மீட்டருக்கு மேல் உயரம். 1784இல் நிறுவியது. இப்போது நிற்கும் தூண்கள் 2007இல் மாற்றியவை. ஒரு காலத்தில் மார்கழி–தை ஒட்டி நடக்கும் திருவிழாவில் ஆட்கள் இதில் உந்தி உந்தி ஆடி, உயரத்தில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வுவார்களாம். ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனது. ஆனால் திருவிழா நிற்கவில்லை. அதன் பெயர் த்ரியம்பவாய்–த்ரிபவாய். திருவெம்பாவை–திருப்பாவை என்பதுதான் அங்கே அப்படி ஆகியிருக்கிறது. சிவன் பூமிக்கு வருகிற நாட்கள் என்று நம்பி, தாய் அரசவை அந்தணர்கள் தேவஸ்தானில் திருவெம்பாவையை ஓதுகிறார்கள். பல தலைமுறை வாய்வழியாகவும் சுவடிவழியாகவும் வந்ததில் ஒலி மிகவும் மாறிவிட்டது. ஓதுகிறவர்களுக்கும் பொருள் தெரியாது. ஆனாலும் விடவில்லை.

நாங்கள் போன நாளில் விழா இன்னும் தொடங்கவில்லை. வெள்ளைச் சுவர்க் கட்டடங்கள் மூன்று, சிவனுக்கு, பிள்ளையாருக்கு, திருமாலுக்கு. முன்னால் சிறு குளத்தில் பிரம்மா. நம் கோயிலுக்குரிய சத்தம் ஒன்றும் இல்லை. நான் இந்தக் கதையை அம்மாவிடம் சென்னையில் சொல்லவில்லை, அங்கே வைத்துத்தான் சொன்னேன். "அர்த்தம் தெரியாமலா சொல்றாங்க? இத்தனை வருஷமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சிவன் சந்நிதிக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து மெல்லிய குரலில் இருபது பாட்டும் பாடி முடித்தாள். பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கடைசிவரை நின்றார். மொழி புரிந்திருக்காது. முடிந்ததும் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

அயுத்தயாவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து மூன்றாம் வகுப்பு ரயில், 20 பாட் அளவில், இரண்டு மணி நேரம். காலை எட்டு மணிக்கு நிலையத்தில் தேசிய கீதம் ஒலித்ததும் எல்லோரும் அசையாமல் நின்றார்கள், நாமும் நிற்க வேண்டும். மாலை ஆறு மணிக்கும் இப்படித்தான். அயோத்தி என்ற பெயர்தான் அயுத்தயா. 1351இலிருந்து 1767இல் பர்மியப் படை எரிக்கும்வரை தலைநகரம். இளையவர்கள் சைக்கிள் எடுங்கள். நாங்கள் டுக்டுக்கை மணிக்கணக்கில் பேசி எடுத்தோம். ஏறும் முன் எத்தனை இடம், எத்தனை மணி என்று தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். மரவேரில் சிக்கிய புத்தர் தலையின் முன் நின்றபடி படமெடுக்கக் கூடாது, நம் தலை அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று கோயில் போதும். நாலாவதில் எனக்கே எல்லாச் செங்கலும் ஒன்றாகத் தெரிந்தது.

இனி காஞ்சனபுரி.

அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கு, பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1941வரை கடிதமும் காசும் வந்தன. அதன்பின் ஒன்றும் வரவில்லை. வீட்டில் கடைசிவரை திதி கொடுக்கவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

ஜப்பானியர் மலேயாவைப் பிடித்த பிறகு, சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, காஞ்சனபுரி வழியாகப் பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். அவர்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள்: மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர். கூலியும் சோறும் உண்டென்று சொல்லியும், பிடித்து ஏற்றியும் கொண்டுபோனார்கள். கைதிகள் முகாமில் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், இறந்தவரின் பெயரை ஒளித்தாவது எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்துத் தமிழனுக்கு அது எதுவும் இல்லை. 1943 மழைக்காலக் காலரா முகாம் முகாமாகத் துடைத்துப்போட்டது. கைதிகளில் இறந்தவர் ஏறக்குறைய 13,000. தொழிலாளர்களில் 80,000 முதல் 1,00,000 வரை என்று கணக்கிடுகிறார்கள்.

காஞ்சனபுரிக்குத் தோன்புரி நிலையத்தில் காலையில் ரயில், வெளிநாட்டவருக்கு 100 பாட். இது ஹுவாலம்போங் அல்ல, ஆற்றுக்கு மேற்கே இருக்கும் வேறு நிலையம். பலர் மாற்றிப் போய் ரயிலை விடுகிறார்கள். கட்டை இருக்கை, மின்விசிறி, திறந்த ஜன்னல். அம்மாவுக்கு ஒரு தலையணை கொண்டுபோனேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஓர் இரவு தங்குங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் குவாய் ஆற்று ரயில் பாலத்தில் படம் எடுப்பதோடு முடித்துவிடுகிறார்கள், அது இந்த இடத்துக்குச் செய்யும் நியாயம் இல்லை.

நிலையத்துக்கு எதிரேதான் போர்க் கல்லறைத் தோட்டம். கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். வெட்டிய புல், கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு, வீட்டார் எழுதிய ஒரு வரி. 22, 24, 23 என்று வயதுகளைப் படித்துக்கொண்டே அம்மா வரிசை வரிசையாக நடந்தாள். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கோடியில் நின்று, "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

பக்கத்திலேயே இருக்கும் ரயில்பாதை அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். வரைபடமும் எண்ணிக்கையும் அங்கே தெளிவாக இருக்கின்றன, ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்கிறார்கள். பிறகு சிறிது நடந்தால் வாட் தாவோன் வராராம் என்ற கோயில். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த இடம் அங்கே இருக்கிறது. இறந்த தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் இங்கே நிற்பதில்லை. எந்தத் தொகுப்புத் திட்டத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை. நம் ஊரிலிருந்து வருடந்தோறும் இத்தனை ஆயிரம் பேர் தாய்லாந்து போகிறோம். அவர்களில் பத்தில் ஒருவராவது இங்கே பத்து நிமிடம் நிற்கக் கூடாதா என்பது என் ஆதங்கம்.

அன்று நாங்கள் வெறுங்கையோடு போய்விட்டோம். அம்மாவுக்கு அது ஆறவில்லை. மறுநாள் காலை அந்தப் பாதையில் 'நாம் தோக்' என்ற கடைசி நிலையம் வரை போவதாக இருந்தது. தாம் கிராசே அருகே பாறை ஓரமாக ஆற்றின் மேலேயே மரத்தாங்கிகளில் ரயில் ஊர்ந்து போகும், போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் முழுக்கத் தெரியும் என்று குறித்து வைத்திருந்தேன். எரவான் அருவிக்கும் ஒரு யோசனை இருந்தது. ஏழு அடுக்கு, முதல் இரண்டு அடுக்கு மூத்தவர்களாலும் முடியும் என்கிறார்கள். இரண்டையும் விட்டோம். "இன்னொரு தடவை நீ வந்து பாத்துக்கோ, எனக்கு அங்க போகணும்" என்றாள்.

காலைச் சந்தையில் பூக்காரியைத் தேடிப் பிடித்தோம். மல்லிகை மொட்டுகளை நெருக்கிக் கோத்து, நுனியில் ஒரு ரோஜா தொங்கவிட்ட சின்ன வளையம். இருபது பாட். என்ன பெயர் என்று சைகையில் கேட்டேன். அந்தப் பெண் "புவாங் மாலை" என்றாள்.

"மாலைங்கிறாடி!" என்றாள் அம்மா. இன்னும் நாலு வாங்கச் சொன்னாள்.

நடுகல்லின் முன்னால் ஐந்தையும் வைத்தோம். சின்னத் தாத்தா அந்தப் பாதையில்தான் போனாரா என்று எங்களுக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. மாரியம்மன் கோயில் திருநீறு மடித்துவைத்திருந்த காகிதத்தை அம்மா பிரித்து, கல்லின் அடியில் கொஞ்சம் தூவினாள். அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். பிறகு ஊர்ப் பெயர், அப்பா பெயர். பதிவேட்டுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். மதிய ரயிலுக்கு நேரம் இருந்தது. அவசரப்படுத்தாமல் நான் தள்ளி நின்றேன்.